இடைவெளியில் நிற்கும் இருவர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் உதவி கேட்டால் கிடைக்கிறதா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. கிடைக்கிறது என்பதே என் பதில். ஆனால் தேவைக்கும் உதவிக்கும் நடுவே சில இடைவெளிகள் இருக்கின்றன. அங்கே இருவர் நிற்கிறார்கள். ஒருவர் உதவி நாடி வந்தவர். மற்றவர் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் சமூக சேவை அலுவலர். முதலாமவரைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இரண்டாமவரைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்த இருவரின் சிரமத்தையும் தனித்தனியாகத் தீர்க்க முடியாது என்பதே என் கருத்து.

முதலில், செய்யப்பட்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டு காம்கேர் திட்டம் தொடங்கப்பட்டது. 2013ல் தமான் ஜூரோங்கில் முதல் சமூக சேவை அலுவலகம் திறக்கப்பட்டது. இன்று தீவெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. குடும்ப சேவை நிலையங்கள் இருக்கின்றன. நம் சமூகத்துக்கு 1991 முதல் சிண்டா இருக்கிறது. கதவுகளுக்குக் குறைவில்லை.

அப்படியானால் இடைவெளி எங்கே? ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். வயது எழுபது. பாதுகாவலர் வேலை பார்த்தவர். முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டார். ஒரு மகன் உண்டு. ஆனால் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் உதவி கேட்டு வருகிறார். அலுவலர் கேட்டாக வேண்டிய கேள்விகளில் ஒன்று, “ஐயா, உங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?” என்பது. குடும்பத்தின் ஆதரவு இல்லாதவருக்கும் குறைவாக உள்ளவருக்கும்தான் நீண்டகால உதவி என்பது விதி. ஆகவே கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெரியவருக்கு அது வெறும் கேள்வியாகவா படும்? “மகன் என்னைக் கைவிட்டுவிட்டான்” என்று அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்ல வேண்டும். தமிழில் மட்டுமே மனம் திறந்து பேசத் தெரிந்தவர் என்றால், மொழிபெயர்க்க வந்த பேரப்பிள்ளையின் முன்னாலோ அண்டைவீட்டார் முன்னாலோ அதைச் சொல்ல நேரும். பலர் அதற்குப் பதிலாக, “மகன் பார்த்துக்கொள்கிறான்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள்.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995ல் நிறைவேறியது. 60 வயதை எட்டி, தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். நல்ல சட்டம். ஆனால் பெற்ற மகனைத் தீர்ப்பாயத்தில் நிறுத்த எத்தனை தந்தையருக்கு மனம் வரும்? சட்டப்படி ஆதரவு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இல்லை. இது ஓர் இடைவெளி.

இரண்டாவது, தொகை. 2019ல் இங்குள்ள ஆய்வாளர்கள் ஒரு கணக்கு போட்டார்கள். தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அடிப்படைத் தேவைகளுடன் கௌரவமாக வாழ மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று கண்டார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து தனியாக வாழ்பவருக்கான நீண்டகால உதவித்தொகை 600 வெள்ளி. 2022ல் அது 640 வெள்ளி ஆனது. இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உதவி பெறுபவருக்கு மருத்துவச் செலவில் கைகொடுக்கிறார்கள். தேவைப்பட்டால் மற்றச் செலவுகளுக்கும் கூடுதலாகத் தருகிறார்கள். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் கை இறுக்கம்தான்.

மூன்றாவது, காலம். குறுகியகால உதவி சில மாதங்களுக்குத் தரப்படும். முடிந்ததும் மீண்டும் மதிப்பீடு. மீண்டும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, மத்திய சேம நிதி அறிக்கை. விநியோக ஓட்டுநரைப் போல வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவருக்குத் தாள்களைச் சேர்ப்பதே ஒரு வேலை.

இப்போது மேசையின் அந்தப் பக்கம் வாருங்கள். விதியை வகுத்தவர் அலுவலகத்தின் முன்கூடத்தில் இருப்பதில்லை. அதை வாயால் சொல்ல வேண்டியவர் அந்த அலுவலர்தான். தொகை போதாது என்றால் திட்டு அவருக்கு. தாள் குறைந்தது என்றால் கோபம் அவர்மீது. நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்துடன் ஒருவர் வந்தால் அதற்கும் அவரே விளக்கம் எழுத வேண்டும். பேட்டி முடிந்ததும் வேலை முடிவதில்லை. குறிப்பு எழுத வேண்டும், மருத்துவமனையோடும் பள்ளியோடும் பேச வேண்டும், வீடு சென்று பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலை நினைத்துப்பாருங்கள். கொவிட்-19 காலத்தில் வேலையையோ வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டையோ இழந்தவர்களுக்கு 500 வெள்ளி தற்காலிக நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அலுவலகங்களில் வரிசை நீண்டது. மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க முயன்ற நாள்களில் இவர்கள் முகக்கவசத்தோடு கூட்டத்தின் முன் நின்றார்கள்.

பொதுச் சேவை ஊழியரை வசைபாடுவதும் மிரட்டுவதும் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றம். அது தேவைதான். ஆனால் சட்டமும் அறிவிப்புப் பலகையும் கோபத்தின் காரணத்தை அகற்றுவதில்லை. வருமான வரம்பைச் சற்றுத் தாண்டியவருக்கும் நிலைமை அறிந்து உதவ அலுவலருக்கு இடம் உண்டு. நிலைமை அறிய நேரம் வேண்டுமே! கையில் கோப்புகள் குவிந்திருக்கும்போது, எவ்வளவு இரக்கம் உள்ளவரும் படிவத்தைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்க்க முடியாது. அப்படிச் சில ஆண்டுகள் ஓடினால் நல்ல அலுவலர் வேலையை விட்டுப் போகிறார். புதியவர் வருகிறார். பெரியவர் தம் மகன் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறார்.

என்ன செய்யலாம்? மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, முதுமையும் நோயும் சில மாதங்களில் மாறப்போவதில்லை. அத்தகையோருக்கு உதவிக் காலத்தை நீட்டலாம். அலுவலரின் நேரமும் மிஞ்சும். இரண்டு, ஒருவருக்கு ஒரே அலுவலர் என்ற தொடர்ச்சி. வாடகை வீடுகளில் பிள்ளைகளோடு வாழும் குடும்பங்களுக்கு ‘காம்லிங்க் பிளஸ்’ திட்டத்தில் குடும்பப் பயிற்றுநர் அமர்த்தப்படுகிறார். தனித்து வாழும் முதியவருக்கும் அப்படியொரு துணை வேண்டும். மூன்று, ஓர் அலுவலர் எத்தனை பேரைக் கவனிப்பது என்பதற்கு ஓர் எல்லையும், மனம் சோர்ந்தால் பேச மூத்தவர் ஒருவரும்.

நம் சமூகத்துக்கும் வேலை இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சமூகப் பணி படிக்கலாம். பிள்ளை அதை விரும்பினால், “அதில் என்ன சம்பளம் வரும்?” என்று தடுக்காதீர்கள். தமிழில் “சாப்பிட்டீர்களா ஐயா?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கும் அலுவலரிடம்தான் அந்தப் பெரியவர் உண்மையைச் சொல்வார்.

அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால், காம்கேர் எண் 1800-222-0000. அவரையே அழைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து நீங்களே எண்களை அழுத்திக் கொடுங்கள். மறுமுனையில் பேசுபவரிடம் நன்றி சொல்லவும் மறக்காதீர்கள்.