கையும் கருத்தும் கூடும் கல்வி

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



தொடக்கப் பள்ளி வயதிலுள்ள மீத்திறக் குழந்தைகளுக்குச் செய்முறைப் பட்டறைகள் ஏன் வேண்டும், அவற்றை எவ்வாறு நடத்த வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நான் தமிழாசிரியன். ஆதலால் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன்.

'பட்டறை' என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கொல்லன் பட்டறை. அங்கே தொழில் கற்க வந்தவன் துருத்தியை ஊத வேண்டும்; சம்மட்டியைத் தூக்க வேண்டும். அடி பிசகினால் ஆசான் வைய வேண்டியதில்லை. வளைந்து போன இரும்பே அதனைச் சொல்லிவிடும். மீண்டும் உலையில் இட்டு, மீண்டும் அடிக்கலாம். ஆனால் இன்று 'பட்டறை' என்று அழைப்பிதழ் அச்சிட்டுவிட்டு, குழந்தைகளை வரிசையாக அமர்த்தி, திரையில் படங்காட்டி, இரண்டு மணி நேரம் பேசி, சான்றிதழும் தின்பண்டமும் கொடுத்து அனுப்பி விடுகின்றோம். அது சொற்பொழிவு; நல்ல சொற்பொழிவாகவும் இருக்கலாம். பட்டறை ஆகாது. குழந்தையின் கையில் ஒரு பொருளும், மனத்தில் விடை தெரியாத ஒரு வினாவும், தவறு செய்து திருத்திக்கொள்ளப் போதிய நேரமும் இருக்குமிடமே பட்டறை. இம்மூன்றும் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லவை. மீத்திறக் குழந்தைக்கு இன்றியமையாதவை.

மீத்திறக் குழந்தை யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். முதல் மதிப்பெண் பெறும் குழந்தையே மீத்திறக் குழந்தை என்று எண்ணுவது நம் வழக்கம். அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் ஜோசப் ரென்சுல்லி 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்து இங்கே கருதத்தக்கது. சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்த செயலை விடாது முடிக்கும் ஈடுபாடு ஆகிய மூன்று வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமிடத்திலேயே மீத்திறன் வெளிப்படுகின்றது என்றார் அவர். இம்மூன்றனுள் முதலாவதைத் தேர்வுத்தாள் ஓரளவு காட்டும். மற்ற இரண்டும், குழந்தை ஏதேனும் ஒன்றைச் செய்யும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

தேர்வை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் என்னும் உளவியலறிஞர் 1921ஆம் ஆண்டில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, கலிபோர்னியா மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்தம் வாழ்வைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அத்தேர்வில் சேர்த்துக்கொள்ளப்படாத சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என இருவர் இருந்தனர். முன்னவர் 1956ஆம் ஆண்டிலும் பின்னவர் 1968ஆம் ஆண்டிலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். கவனமாக வடிவமைத்த தேர்வே இவ்வாறு கோட்டை விடுமாயின், நம் பருவத் தேர்வுகளின் நிலையை நான் விளக்க வேண்டுவதில்லை.

நடுநிலைப் பள்ளியில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இருவகைக் குழந்தைகளை மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றேன். ஒரு வகையினர், கொடுத்த கணக்கைப் பிறர் எழுதத் தொடங்குமுன்னரே முடித்துவிட்டு, அடுத்த பையனின் சட்டையை இழுத்துக் கொண்டிருப்பர். நான்காம் வகுப்பிலேயே 'குறும்பன்' என்று பெயர் வாங்கிக் கடைசி வரிசைக்குச் செல்வர். எட்டாம் வகுப்பில் அவர்களைப் பார்த்தால் குறும்பும் இராது; பழைய கூர்மையும் இராது. மற்றொரு வகையினர், எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குவோர். தொண்ணூற்றெட்டு வந்தால் விடைத்தாளை மறைத்துக்கொண்டு அழுவர். தெரிந்த வினாவுக்கு மட்டுமே கை தூக்குவர். தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் துணிவு சிறிது சிறிதாக அவர்களை விட்டு நீங்கிவிடும். முன்னவரை நாம் தண்டித்து இழக்கின்றோம். பின்னவரைப் பாராட்டியே இழக்கின்றோம்.

மீத்திறக் குழந்தைக்கு மேல்வகுப்புப் பாடத்தை முன்னதாகவே கற்பித்தால் போதாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டால் பெருமைதான். ஆனால் அதே வகைக் கணக்கைச் சற்றுப் பெரிய எண்களில் போடுகின்றதே அன்றிப் புதிதாக எதனையும் வினவக் கற்றுக்கொள்வதில்லை. வேகம் வளர்கின்றது, ஆழம் வளர்வதில்லை. ஆழத்திற்கு வழி யாதெனச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகின்றேன். இவையனைத்தும் கோடை விடுமுறைப் பட்டறைகளில் குழந்தைகளோடு செய்து பார்த்தவை.

முதலாவது, பலாப்பழம். காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ்க் கணித நூலில், பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய ஒரு விதி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, அதனை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 75 எனில் சுளைகள் 90. செய்யுளைச் சொல்லி, பொருள் விளக்கி, "நம் முன்னோரின் அறிவைப் பாரீர்" என்று முடித்திருக்கலாம். பட்டறையில் அவ்வாறு செய்யவில்லை. இரண்டு பழங்களை நடுவில் வைத்து, "இவ்விதி சரியா என்று நீங்களே பாருங்கள்" என்று மட்டும் கூறினோம்.

முட்களை எண்ணத் தொடங்கியதுமே வழக்கு வந்துவிட்டது. காம்பருகே உள்ள முதல் வளையத்தை மட்டும் எண்ணுவதா, அடுத்ததையும் சேர்ப்பதா? ஒரு குழு ஓர் எண்ணைச் சொன்னது. மற்றொரு குழு வேறோர் எண்ணைச் சொன்னது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளை எடுத்து எண்ணியபோது, ஒரு பழத்தில் கணக்கு நெருங்கி வந்தது. மற்றொன்றில் விலகி நின்றது. அப்போது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சுளைகளுக்கிடையே இருந்த சடையைக் கையில் எடுத்து, "ஐயா, இதுவும் சுளையாக வேண்டியதுதானா? இதையும் எண்ண வேண்டுமா?" என்று கேட்டாள்.

அவ்வினா பாடநூலில் இல்லை. ஆனால் தாவரவியலின் வாயிலில் நிற்கும் வினா அது. பலா தனிப்பழம் அன்று. நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் ஒன்றுசேர்ந்து உருவான கூட்டுப்பழம். மேல்தோலின் முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் அடையாளம். கருவுற்ற பூ சுளையாகும். கருவுறாதது சடையாக நின்றுவிடும். இதனை அக்குழந்தைகளுக்கு விளக்கியபோது அவர்கள் கேட்ட கேள்வி மேலும் வியப்பளித்தது: "அப்படியானால் எல்லா முட்களையும் எண்ணினால் பூக்களின் எண்ணிக்கை தெரியும், சுளைகளை எண்ணினால் எத்தனை பூக்கள் கருவுற்றன என்பது தெரியும் அல்லவா?" பெருக்கலில் தொடங்கிய பாடம், மதிப்பீடு, மாதிரி எடுத்தல், மகரந்தச் சேர்க்கை என்று தானே வழி கண்டு நடந்தது. அச்சிறுமி வகுப்பில் முதல் ஐவருள் ஒருத்தி அல்லள் என்பதையும் சொல்லி வைக்கின்றேன்.

இரண்டாவது, நிழல். ஒரு மீட்டர்க் கோலை நிலத்தில் செங்குத்தாக நட்டு நிழலை அளக்கச் செய்தோம். கோலின் நிழல் 80 சென்டிமீட்டராக இருக்கும் வேளையில் வேப்பமரத்தின் நிழல் 4 மீட்டர் எனில், மரத்தின் உயரம் 5 மீட்டர். மரமேறாமல் உயரம் கண்ட மகிழ்ச்சி குழந்தைகளுக்கு. பின்னர் நிழலின் நுனியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுண்ணக்கட்டியால் குறித்து வரச் சொன்னோம். உச்சிப்பொழுதில், அதாவது 12 மணிக்கு, நிழல் மிகச் சிறிதாக இருக்கும் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். ஆனால் 12 மணி கடந்த பின்னும் நிழல் குறைந்துகொண்டே சென்றது. கடிகாரம் பழுது என்றான் ஒரு சிறுவன். வேறு கடிகாரம் கொண்டு பார்த்தும் அவ்வாறே இருந்தது. இந்தியாவின் பொதுநேரம், மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவது. நாம் அதற்கு மேற்கே இருக்கின்றோம். பாகை ஒன்றுக்கு நான்கு நிமிடம் கதிரவன் நமக்குத் தாமதமாகவே உச்சிக்கு வருகின்றான். இதனை ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் மறந்திருப்பர். தம் சுண்ணக்கோடு கடிகாரத்தோடு முரண்படக் கண்ட குழந்தைகள் மறக்க மாட்டார்கள். தமிழகத்தின் பெரும்பகுதியில் ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் உச்சிவேளையில் செங்குத்துக் கோலுக்கு நிழலே விழாது. அந்நாளைக் கண்டுபிடிப்பதை அவர்களுக்கு வீட்டுப்பணியாகக் கொடுத்தோம்.

மூன்றாவது, என் துறைக்குரியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகத் தமிழெழுத்து 247 என்று மனப்பாடமாகச் சொல்லாத குழந்தை இல்லை. 247 கட்டங்கள் வரைந்த பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, பழைய நாளிதழ்களையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, கிடைக்கும் எழுத்துகளை வெட்டி உரிய கட்டத்தில் ஒட்டச் செய்தோம். ககர, தகர வரிசைகள் சற்று நேரத்தில் நிறைந்தன. ஙகர வரிசையில் மெய்யெழுத்துக்கு மட்டும் தாள் குவிந்தது. ஏனைய கட்டங்கள் வெறுமையாக நின்றன. "யாரும் எழுதாத எழுத்தை நாம் ஏன் படிக்கின்றோம்?" என்றது ஒரு குழந்தை. "பஸ் என்பதில் உள்ள ஸ் இங்கே இல்லையே, இதை எங்கே ஒட்டுவது?" என்றது மற்றொன்று. முதல் வினா எழுத்தின் முறைவைப்பைப் பற்றியது. இரண்டாவது, மொழிக்குள் பிற ஒலிகள் வந்து சேர்ந்த வரலாற்றைப் பற்றியது. முதுகலை வகுப்பில் நான் படித்த செய்திகளை எட்டு வயதுக் குழந்தைகள் பழைய தாளையும் பசையையும் கொண்டு தொட்டுவிட்டனர்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. செயல்வழிக் கற்றல் நமக்குப் புதிதும் அன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய அம்முறையில், குழந்தைகள் தரையில் அமர்ந்து அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்றதை நாம் கண்டிருக்கின்றோம். ஆண்டுப் பாடத்தை முடிக்கும் பொறுப்புடைய வகுப்பறையால் ஒரே வினாவின் பின்னால் அரைநாள் செல்ல இயலாது. அங்கேதான் நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு இடம் இருக்கின்றது.

நடத்தும் முறை குறித்துச் சில கருத்துகளை இவ்வவையின் முன் வைக்கின்றேன். பட்டறைக்கு இருபது குழந்தைகளுக்கு மேல் வேண்டா. குழுவுக்கு நால்வர் போதும். முதற்கூட்டத்தை மதிப்பெண் பாராது அனைவர்க்கும் திறந்து வையுங்கள். அதில் எந்தக் குழந்தை மணியடித்த பின்னும் பொருளை விட்டு எழாமல் இருக்கின்றதோ, அதனை அடுத்த நிலைக்கு அழையுங்கள். முதலில் பலவற்றை அறிமுகம் செய்தல், அடுத்து அவற்றுக்குரிய திறன்களைப் பயிற்றுதல், முடிவில் குழந்தை தானே தேர்ந்த சிக்கலை ஆராய விடுதல் என ரென்சுல்லி வகுத்த மூன்று படிகளும் இதற்குப் பொருந்தும். நடத்துபவர் விடையை முந்திக்கொண்டு சொல்லாதிருக்கப் பழக வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு இதுவே மிகக் கடினமான பயிற்சி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, "நான் நினைத்தது, நடந்தது, இப்போது நினைப்பது" என்று மூன்று பத்திகளில் எழுதச் செய்யுங்கள். தன் எண்ணம் பொய்த்ததை அஞ்சாமல் எழுதும் குழந்தையைப் பாராட்டுங்கள். பரிசும் தரவரிசையும் அங்கே நுழைய வேண்டா.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பட்டறையிலிருந்து வரும் குழந்தையிடம் "என்ன கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேளாதீர்கள்; "என்ன செய்தாய்? எது எதிர்பார்த்தபடி வரவில்லை?" என்று கேளுங்கள். பெண் குழந்தைகளை, வீட்டில் வேலை இருக்கின்றதென்று நிறுத்திவிடாதீர்கள்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிப்பது நற்பணி. அது தொடர வேண்டும். ஆனால் அப்பரிசு, அதுவரை நிலைத்து வந்தவர்களையே சென்று சேர்கின்றது. நான்காம் வகுப்பில் கடைசி வரிசைக்குச் சென்றவன் அந்த மேடைக்கு வருவதே இல்லை. அவனுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை, ஆண்டுக்குப் பன்னிரண்டு பட்டறைகள் நடத்துங்கள். இடம் நம் மண்டபத்திலேயே இருக்கின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் ஊதியமின்றி வரக் காத்திருக்கின்றோம். 'பள்ளி' என்னும் சொல் சமண முனிவர்தம் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர் கல்விக்கூடத்துக்குப் பெயராயிற்று என்பர். அச்சொல்லை இந்நாட்டுக்குத் தந்த மரபில் வந்தவர்களிடம் இதனைக் கேட்பது மிகையன்று எனக் கருதுகின்றேன்.

வரும் கோடையில் பலாப்பழம் வரத்து தொடங்கும்போது முதற்பட்டறையை நடத்தலாம். பழம் வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கின்றேன்.