ஒரு ஒற்றை மேற்கோள் குறி

உங்க சொந்த ப்ராஜெக்ட்டோட லாகின் பக்கத்துல, பெயர் கேட்கிற இடத்துல ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டுப் பாருங்க. டேட்டாபேஸ் எரர் வருதா? அப்போ பயனர் டைப் பண்றது கட்டளைக்குள்ளேயே போய்ச் சேருதுன்னு அர்த்தம்.

காலேஜ்ல நானும் பெயரை அப்படியே எஸ்கியூஎல் வரியோட ஒட்டித்தான் எழுதினேன். டெமோ ஓடுச்சு, முழு மார்க். ஆனா ஓடுறது வேற, பாதுகாப்பா இருக்கிறது வேற.

2015-ல பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் இதே மாதிரி ஓட்டை வழியாத்தான் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களோட விவரம் திருடு போச்சு. அபராதம் 4 லட்சம் பவுண்டு.

தீர்வு சின்னது. கட்டளையில் கேள்விக்குறி மட்டும் வைங்க. பயனர் தந்ததைத் தனியா அனுப்புங்க. டேட்டாபேஸ் அதை வெறும் தகவலாத்தான் பார்க்கும்.

இன்னைக்கே பழைய கோடைத் திறந்து பாருங்க. நான் திறந்தப்போ ஒன்பது இடம் இருந்துச்சு.