வீட்டில் மணி அடிப்பவர் யார்?
(சங்கத்தின் மாணவர் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)



2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் வீட்டுக் கூடமே வகுப்பறை ஆயிற்று. பள்ளிகள் திறந்து வருஷங்கள் ஆகியும் அந்த வகுப்பறை மூடப்படவில்லை. டியூஷன் திரையில், ஜே.இ.இ., நீட் பயிற்சி திரையில். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் மூலமாகக் கட்டணமின்றிக் கேட்கலாம். நம் தலைமுறைக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

ஆனால் பாடம் வரும் அதே பெட்டியில்தான் விளையாட்டும் அரட்டையும் சினிமாவும் வருகின்றன. பள்ளியில் மணி அடித்தால் வகுப்பு முடியும். வீட்டில் மணி அடிப்பவர் யார்? நாம்தான் அடிக்க வேண்டும்.

முதலில் நேரம். 2020 ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யாதா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷத்தில் இரண்டு வகுப்புகள், 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள், அதற்கு மேல் வேண்டாம் என்றது. அதாவது பெரிய பிள்ளைகளுக்கே மூன்று மணி நேரம்தான். பள்ளிக்கூடமே மூடியிருந்த காலத்துக்கு இந்தக் கணக்கு என்றால், பள்ளி விட்டு வந்து, இரவு பத்து மணி வரை திரை பார்க்கும் பிள்ளையை என்ன சொல்வது? இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஓய்வு.

அடுத்தது இடம். படுக்கையில் படிப்பு வேண்டாம். மேஜை, நாற்காலி, திறந்த கதவு போதும். இரவில் எல்லோருடைய செல்போனும் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். அப்பாவுடையதும்தான்.

மாணவர்களே, இது உங்களுக்கு. வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது. இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டு 'முடித்துவிட்டேன்' என்றால் முடிந்தது வீடியோதான். அரை மணி பார்த்ததும் திரையை மூடுங்கள். வெள்ளைத் தாளில், பார்க்காமல், கையால் எழுதுங்கள். எது வரவில்லையோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. சாட்ஜிபிடி விஷயமும் அப்படியே. கணக்கை முதலில் நீங்கள் போடுங்கள், பிறகு எந்த வரியில் தவறு என்று அதைக் கேளுங்கள். அது தவறையும் தைரியமாகச் சொல்லும், ஆகவே பாடப் புத்தகத்தோடு சரிபாருங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் படிப்பில்கூடப் பாடம்தான் வீட்டில், தேர்வு மையத்தில் நேரில். அங்கே தலையில் இருப்பதுதான் கூட வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தெரியாத லிங்க்கைத் தொட்டோ, ஓ.டி.பி.யைச் சொல்லியோ குழந்தை ஏமாந்துவிட்டால், திட்டு விழும் என்ற பயத்தில் மறைக்கக் கூடாது. உடனே 1930-க்குப் போன் செய்தால் பணம் கைமாறுமுன் நிறுத்த வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும். 'என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்' என்று இன்றே சொல்லி வையுங்கள்.

தாத்தா, பாட்டிகளே! உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாம். சாப்பிடும்போது சீரியலையும் வாட்ஸ்அப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'இன்றைக்கு என்னடா பாடம்? எனக்குப் புரியும்படி சொல்லு' என்று தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தால் பேரனுக்குப் பாடம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வெளியூரில் வளரும் குழந்தைக்குத் தமிழும் கூடவே வரும்.

இவற்றில் ஏதாவது ஒன்றை இன்று இரவே ஆரம்பியுங்கள். அடுத்த ஆண்டு பரிசு வாங்குவோர் பட்டியல் இன்னும் நீளட்டும்.