கரும்புலி சொல்லும் சேதி

புலியைப் பற்றிப் பேச வந்தவன் புலி எச்சத்தில் ஆரம்பிக்கிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

புது எச்சத்தின் மேல் சளி படர்ந்தாற்போல ஒரு பளபளப்பு இருக்கும். புலியின் குடலிலிருந்து உரிந்த செல்கள் அங்கேதான் ஒட்டியிருக்கும். உள்ளே கிடப்பது மான் முடியும் எலும்புத் துணுக்கும். அதைக் கிளறினால் மானின் மரபணுதான் கைக்கு வரும். அதனால் ஈரப் பஞ்சுக்குச்சியால் மேலாக ஒற்றியெடுத்துக் குப்பியில் போட்டு மூடிவிடுவோம். நல்ல மழை ஒன்று அடித்தால் எல்லாம் போச்சு. முதுமலையில் என்னோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், மோந்து பார்த்தே "நேத்து ராத்திரி போட்டதுங்க சார்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்!

புலிகளை எண்ணுவதற்குக் கேமரா போதும். எது எதற்குச் சொந்தம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குப்பிகள் வேண்டும்.

மரபணு என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு ஒரு கதை. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் சில புலிகளுக்குக் கறுப்புக் கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பே கறுத்துத் தெரியும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கறுக்கும். இப்படி அபூர்வமாக நடக்க வேண்டியது, சிமிலிபாலில் மூன்றில் ஒரு புலிக்கும் மேல் நடந்திருக்கிறது. அந்த ஆய்வில் நம் வண்டலூர்ப் புலிகளும் உண்டு, தெரியுமா?

பார்க்க அழகுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிப்புலி வந்து சேராத காட்டில், இருக்கிற சிலவே தங்களுக்குள் கலந்து பெருகியதன் அடையாளம் அது. இன்று ஒளிந்திருந்து வெளிப்பட்டது நிறம்; நாளைக்கு நோயாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமாக்களுக்கு இப்படித்தான் வால் மடங்கியது, விரை இறங்காமல் போயிற்று. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்தக் கூட்டம் தேறியது.

சிமிலிபாலிலும் அந்த வைத்தியம்தான். மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகள் 2024இல் வந்தன. ஜீனத்துக்குப் புகுந்த வீடு பிடிக்கவில்லை போலும்! ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம்வரை நடந்தே போய்விட்டது. டிசம்பர் கடைசியில் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் சிங்கம், யானை, வரையாடு என்று பேச எழுதிவைத்ததெல்லாம் தாளிலேயே இருக்கிறது. நேரம் முடிந்ததென்று வானொலி நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். ஜீனத் இனியாவது அங்கேயே தங்கிக் குட்டி போடட்டும்.