கல்லூரி விதிகளும் போதைப் பழக்கமும்



பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் பல தாள்களில் கையொப்பமிடுகின்றனர். மது அருந்தினாலோ போதைப்பொருள் வைத்திருந்தாலோ மாணவனை நீக்கலாம் என்னும் உறுதிமொழியும் அவற்றுள் ஒன்று. கட்டண ரசீதைப் பார்க்கும் கவனத்தில் பாதியேனும் அதற்குக் கிட்டுவதில்லை.

அவ்விதி வேண்டுவதே. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றல் ஆகாது. இளங்கலை பயில்வோருள் பெரும்பாலோர் அவ்வயதை எட்டாதவர். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமோ கஞ்சாவை விற்பதை மட்டுமன்றி உட்கொள்வதையும் குற்றமாக்கியுள்ளது.

ஆயினும் விதியின் கடுமை ஓரிடத்தில் கேடாய் முடியக்கூடும். நள்ளிரவில் விடுதி அறையில் ஒரு மாணவன் மிகுதியாகக் குடித்து நினைவிழந்து கிடக்கிறான் என்று கொள்வோம். உடனிருப்போர் வார்டனை எழுப்புவரா? தாமும் நீக்கப்படுவோம் என்னும் அச்சத்தால், உறங்கினால் தெளிந்துவிடும் என்று கதவைச் சாத்திவிடுவர். தெளியாமலும் போகலாம். குடிப்பதை நிறுத்திய பின்னரும் வயிற்றில் எஞ்சிய மது குருதியில் ஏறிக்கொண்டேயிருக்கும். மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுப்பின் அது மூச்சை அடைத்து உயிரைப் போக்கும். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாது, 108ஐ அழைத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் இதற்கொரு வழி கண்டது. மது மிகுந்து துன்புறுவோர்க்காக உதவி கோரினால், அழைத்தவர்மீதும் துன்புற்றவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை. துன்புற்றவர் பின்னர் ஆலோசனைக்கு வருதல் வேண்டும். அதன்பின் உதவிகோரும் அழைப்புகள் பெருகின. குடியின் அளவோ ஏறத்தாழ முன்போலவே இருந்தது.

இஃது அயல்நாட்டாரின் தளர்ச்சி என்று ஒதுக்குவோர் நம் நாட்டுச் சட்டத்தையே நோக்கலாம். போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கு ஆளான அடிமை, அரசு நடத்தும் அல்லது ஏற்ற மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவன்மீது வழக்குத் தொடர்தல் இல்லை என்கிறது அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடின் அவ்விலக்கு நீக்கப்படலாம். சட்டமே திறந்துவைத்த வாசலைக் கல்லூரி அடைப்பானேன்? திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், மருந்து 95ஆம் அதிகாரம்; இடையில் நிற்பது சூது ஒன்றே என்பதும் எண்ணத்தக்கது.

மதுவும் ஊனும் தேனும் தீண்டாத இல்லத்திலிருந்து செல்லும் பிள்ளைக்கு வார்டனிடத்தினும் தந்தையிடத்தே அச்சம் மிகுதி. ஒருமுறை தவறியதை வீட்டில் சொல்லத் துணியாதவன், அதனை மறைத்துக் காப்பதாகக் கூறும் தீய நட்பிலேயே மேலும் சிக்குகிறான். நோன்பின் தூய்மையைக் கற்பிக்கும் பெற்றோர், தவறினால் முதலில் எவரிடம் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்புதல் நலம். மையஅரசின் போதை மீட்பு உதவி எண் 14446 என்பதும் பிள்ளையின் கைப்பேசியில் இருக்கட்டும்.

வரும் கல்வியாண்டில் சேர்க்கைக்குச் செல்வோர், அந்த உறுதிமொழித் தாளில் கையொப்பமிடுமுன் கல்லூரி முதல்வரிடம் ஒன்று கேட்கலாம்: நண்பனின் உயிரைக் காக்க நள்ளிரவில் வார்டனை எழுப்பும் மாணவனுக்கு இங்கே என்ன நேரும்?