ஒரு பச்சை விளக்குக்காக ஒன்பது நாள்

(கொல்லிமலை ஒன்றியக் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது கற்றல் விளைவுகள் பற்றியோ எண்ணும் எழுத்தும் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு கம்பியைப் பற்றி. கம்பி என்பதுகூடத் தவறு. அது கண்ணாடி.

எங்கள் பள்ளியில் இணையம் முதலில் வந்து சேருவது அலுவலக அறைக்கு. உயர்தொழில்நுட்ப ஆய்வகமோ சரிவில் கீழே, புதுக் கட்டடத்தில் இருக்கிறது. இடையில் ஏறக்குறைய 180 மீட்டர். சாதாரண நீல நிற லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போனால் நம்பகமாக வேலை செய்யாது. அதைவிட முக்கியமாக, நம் மலையில் இடி விழுவது உங்களுக்கே தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி போட்டால், ஒரு மின்னலில் இரண்டு பக்கமும் உள்ள கருவிகள் போய்விடலாம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. அதனால் அலுவலகத்தில் ஒரு சுவிட்ச், ஆய்வகத்தில் ஒரு சுவிட்ச், நடுவே ஒளியிழை என்று அமைத்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை ஆய்வகத்தில் இணையம் இல்லை. அலுவலகத்தில் நன்றாக இருக்கிறது. எமிஸ் பதிவெல்லாம் ஓடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தை அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு சுவிட்சிலும் ஒளியிழை நுழையும் துளைக்கு அருகே எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. முந்தைய சனிக்கிழமை அந்த அறையைப் பெருக்கிய மாணவனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். “எதையோ இழுத்துட்ட” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பீரோவை முன்னால் நகர்த்தினேன். சிறிய மஞ்சள் கம்பியின் முனைகளைக் கழற்றினேன். பழைய ரேடியோவுக்குச் செய்வதுபோல வாயால் ஊதினேன். திரும்பச் செருகினேன். எரியவில்லை. புகார் பதிவு செய்தோம். கீழிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருவர் வருவதென்றால் சும்மாவா? ஒன்பதாம் நாள்தான் வந்தார். அதற்குள் பிள்ளைகள் செம்மேட்டுக்குப் போய், கடையில் பணம் கொடுத்து விண்ணப்பித்தார்கள். ஒரு மாணவி மட்டும் போகவில்லை. வீட்டில் அனுப்பவில்லை. தேதி முடிந்துவிட்டது.

வந்த தொழில்நுட்பப் பணியாளர் சுவிட்சைப் பார்த்தார். மஞ்சள் கம்பியின் முனையில் இரண்டு தலைகள் இருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்திலும், மற்றதை இதன் இடத்திலும் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். சுவருக்கு வெள்ளை அடித்த பிறகு பீரோவைப் பின்னால் தள்ளி வைத்தது நான். அதில் கம்பி நசுங்கி மடிந்து ஒளி வெளியே கசிந்துவிட்டது. திங்கட்கிழமை பீரோவை நகர்த்தியபோதே அந்தப் பழுது சரியாகிவிட்டது! ஆனால் கழற்றிச் செருகும்போது, இரு தலைகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பை உடைத்து, இடம் வலமாக மாற்றிச் செருகிவிட்டேன். ஒளியிழையில் ஒரு கண்ணாடி போவதற்கு, ஒரு கண்ணாடி வருவதற்கு. இங்கே அனுப்பும் துளை அங்கே வாங்கும் துளைக்குப் போக வேண்டும். நான் செருகியதில் இரண்டு வாய்களும் எதிரெதிரே பேசின, இரண்டு காதுகளும் எதிரெதிரே காத்திருந்தன. ஒன்பது நாளும் பழுது என் கைப்பழுது. அந்த மாணவனிடம், அதே வகுப்பின் முன்னால், மன்னிப்புக் கேட்டேன். அந்த மாணவிக்கு நான் திருப்பித் தர ஒன்றுமில்லை.

அதன்பிறகுதான் இதைப் படித்தேன். படித்ததில் நமக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

பிரதான பழுது அழுக்கு. நீண்ட தொலைவுக்குப் பயன்படும் ஒற்றைமுறை இழையில் ஒளி போகும் உள்ளகத்தின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர். உறையோடு சேர்த்து 125. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அந்த 9 மைக்ரோமீட்டர் வாசலை அடைத்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் காய்ந்து படலமாகிவிடும். விரலால் தொட்டால் எண்ணெய். நூல் உதிராத துடைப்புத் தாளும், வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். சட்டை நுனியும் கைகழுவும் சானிடைசரும் வேண்டாம். கழற்றிய நொடியில் தூசி மூடியைப் போட்டுவிடுங்கள். அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடிகளை நாம்தான் முதல் நாளே தொலைத்துவிடுகிறோம்.

அடுத்தது வளைவு. முழு அக எதிரொளிப்பு என்று கரும்பலகையில் படம் போடுகிறோம் அல்லவா? ஒளி மாறுநிலைக் கோணத்தைவிடப் பெரிய கோணத்தில் விழும்வரைதான் உள்ளேயே திரும்பும். இழையை இறுக்கி மடித்தால் அந்தக் கோணம் தவறி ஒளி வெளியேறும். சுருட்டிக் கட்டும்போது டீ டம்ளரின் வாயைவிடச் சிறிய வட்டம் கூடாது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே போகும் கேபிளுக்கு நம் ஊரில் வேறு எதிரிகள். பலா மரக் கிளை விழும். அணில் கடிக்கும். மிளகு பறிக்க மூங்கில் ஏணி சாத்தும்போது இழுபடும். மழைக்குப் பின் ஒருமுறை கேபிள் போகும் வழியில் நடந்து பாருங்கள்.

மூன்றாவது, பொருத்தமில்லாத உதிரிப்பாகம். சுவிட்சில் செருகும் விரல் அளவு உலோகத் துண்டுக்கு எஸ்.எஃப்.பி. என்று பெயர். அதன் மேல் 850 அல்லது 1310 என்று அச்சிட்டிருக்கும். அது ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஒரே இழையில் போக்கும் வரத்தும் நடக்கிற வகையில் மட்டும் எண்கள் மாறியிருக்க வேண்டும். இங்கே 1310 அனுப்பி 1550 வாங்கினால், அங்கே 1550 அனுப்பி 1310 வாங்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் பணம் வீண். பச்சைத் தலைக் கம்பியை நீலத் தலைத் துளையில் செருகுவதும் தவறு. பச்சையின் முனை சாய்வாகத் தேய்க்கப்பட்டது.

சுவிட்சின் மேலாண்மைப் பக்கத்தில் வாங்கும் ஒளியின் அளவு தெரியும் வசதி இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். 0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். 3 டெசிபல் குறைந்தால் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. பள்ளி வளாகத்துக்குள் 1310 நானோமீட்டர் இணைப்பில் மைனஸ் 6, மைனஸ் 8 என்று காட்டினால் நல்லது. மைனஸ் 20-ஐ நெருங்கினால் துடையுங்கள், மடிப்பைத் தேடுங்கள். மைனஸ் 40 என்றால் ஒளியே வரவில்லை. மடக்கை எதற்கு சார் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தத் திரையைக் காட்டுகிறேன்.

இதே கணக்கில்தான் இந்தத் துறையே பிறந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954-இல் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டின் வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும். 1966-இல் சார்லஸ் காவ், குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள கசடில் இருக்கிறது என்றார். கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் கொண்டுவந்தால் தொலைபேசிக்கே பயன்படும் என்றார். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவே அன்று கனவு. 1970-இல் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. இன்றைய இழையில் 1550 நானோமீட்டரில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபல். நூறில் தொண்ணூற்றைந்து மிஞ்சுகிறது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டிப்பாக ஒன்று. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். உள்ளே போவது அகச்சிவப்பு. தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடக்கூடும். கைப்பேசிக் கேமராவில் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். 850 தெரியலாம். 1310-ம் 1550-ம் கேமராவுக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அறுந்த இழையை ஒட்டும் வேலையும் நம்முடையதல்ல. அதற்கு உருக்கி ஒட்டும் கருவி வேண்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு: உங்களிடம் இரண்டு சுவிட்ச் இருக்காது. சுவரில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். அதில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். புகார் செய்யும்போது “நெட் வரல” என்று சொல்லாமல், “எல்.ஓ.எஸ். சிவப்பு, கம்பியில் மடிப்பு இல்லை, மின்சாரம் இருக்கிறது” என்று சொல்லுங்கள். வருகிறவர் ஏணியும் ஒட்டும் கருவியும் எடுத்துக்கொண்டே மலை ஏறுவார். ரூட்டரைப் பார்த்துவிட்டு இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருக்காது.

இப்போது இரண்டு மஞ்சள் கம்பிகளைச் சுற்றுக்கு விடுகிறேன். இரண்டு முனையும் எதிலும் செருகப்படாதவை, பயமில்லை. உயிரியல் ஆய்வகத்து நுண்ணோக்கியையும் கொண்டுவந்திருக்கிறேன். குறைந்த உருப்பெருக்கத்தில், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று துடைத்தது. இன்னொன்றை நான் வேண்டுமென்றே ஊதி வைத்திருக்கிறேன். முதல் வரிசையிலிருந்து வாருங்கள்.