இப்பொழுதே தாரும்

நாம் வேண்டுவதை இறைவன் இன்றே தந்துவிட்டால் மகிழ்வோமா, திடுக்கிடுவோமா?

வட ஆபிரிக்காவில் 354ஆம் ஆண்டு பிறந்த அர்ச். அகுஸ்தீனார், இளமையிலே கற்புநெறியில் வாழும் வரம் கேட்டு மன்றாடினார். ஆனால், இப்பொழுது வேண்டாம் என்றும் கூட்டிச் சொன்னார். இறைவன் விரைந்து செவிசாய்த்துவிடுவாரோ என்று தாம் அஞ்சியதைப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். நகைக்க வேண்டாம், நம்மிற் பலர் அந்த இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே. பகைவனை மன்னிக்கும் மனம் தாரும் என்கிறோம். நாளைக் காலை அவன் நம் வாசலில் வந்து நின்றாலோ!

386ஆம் ஆண்டு, மிலான் நகரில் ஒரு தோட்டத்திலே, தவணை சொல்லிக் காலங்கடத்தும் தம் நெஞ்சை நொந்து அகுஸ்தீனார் அழுதார். அன்று அவர் கேட்டது இப்பொழுதே வேண்டும் என்று. அடுத்த ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழாவின் இரவில், ஆயர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.